ராக்கெட் அசெம்பிளி ஷெட்: உயர்த்துவதா, பக்கத்தில் கட்டுவதா, படுக்கவைப்பதா?

ஒரு ராக்கெட் தொழிற்சாலை. 80 மீட்டர் உயரத்தில் இரண்டு ஷெட். ஒவ்வொன்றிலும் இரண்டு ராக்கெட்டை நிற்கவைத்துப் பொருத்தலாம். ஒரு ராக்கெட்டுக்கு 40 நாள் பிடிக்கிறது. ஆக வருடத்துக்கு 36. இதை 72 ஆக்க வேண்டும். போதாததற்கு, அடுத்து வரப்போகும் ராக்கெட் இன்னும் சில மீட்டர் நீளம். எந்த வழியில் விரிவாக்குவீர்கள், ஏன்?

கோவையில் சிவில் படிக்கும் எங்கள் தெருப் பையன்கள் இருவருக்குக் கல்லூரியில் கொடுத்த கேள்வி இது. லீவுக்குக் குன்னூர் வந்தவர்கள் என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இரும்பு ஷெட் போட்டே காலம் தள்ளியவன், ராக்கெட்டுக்குப் போட்டதில்லை. 7 மீட்டரைத் தாண்டி ஒரு கட்டடம் எழுப்பவே அனுமதிக்கு அலைய வேண்டிய மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு 80 மீட்டரைப் பற்றி யோசிப்பது வேடிக்கைதான். ஆனால் கிரேன், தூண், காற்று, மண் இந்த நாலும் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

"மாமா, கூரையைக் கழட்டிட்டுத் தூணை இருபது மீட்டர் ஏத்திட்டா முடிஞ்சுது இல்லே?" என்றான் மூத்தவன். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். புதிதாக இடம் வேண்டாம், அஸ்திவாரம் இருக்கிறது, தூண் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் மலிவு.

காற்றைக் கணக்கில் எடுத்தவுடன் மலிவு போய்விடும். கீழிருந்து மேல்வரை காற்று ஒரே வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கட்டடத்தைச் சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். 80 மீட்டர் 100 ஆகும்போது உயரம் கால் பங்குதான் கூடுகிறது. தூணின் அடியில் வந்து விழும் திருப்புவிசையோ 56 சதவீதம் கூடிவிடுகிறது. மேலே போகப் போகக் காற்றும் வேகமெடுக்கும் என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். ராக்கெட் தளங்கள் பெரும்பாலும் கடலோரத்தில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வங்கக் கடல் புயல். டெக்ஸாஸ், ஃப்ளோரிடா தளங்களுக்கு ஹரிக்கேன். ஃப்ளோரிடாவில் நாசாவின் அசெம்பிளிக் கட்டடம் 2004-ல் ஃபிரான்சிஸ் புயலில் மாட்டியபோது எண்ணூறுக்கும் மேற்பட்ட சுவர்த் தகடுகள் பிய்ந்து பறந்தன. அது 160 மீட்டர் உயரக் கட்டடம். அதைத் தாங்க அடியில் 4,225 இரும்புக் குழாய் பைல்களை, அதாவது மண்ணுக்குள் அடித்து இறக்கும் தாங்குதூண்களை, சுமார் 49 மீட்டர் ஆழத்தில் பாறைவரை இறக்கியிருக்கிறார்கள். பழைய ஷெட்டை உயர்த்துவதென்றால், வேலை நடந்துகொண்டிருக்கும் தரையை உடைத்து, உள்ளேயே பைல் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மேலே ராக்கெட், கீழே பைல் அடி. எந்த இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார்?

அப்புறம் கிரேன். மேலே ஓடும் கிரேனின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம் சில மில்லிமீட்டர் பிசகினாலே சக்கரத்தின் ஓரம் உரசிக் கீச்சிடும். விட்டுவிட்டால் தேய்ந்து தடம்புரளும். கூரையைக் கழற்றி, கிரேன் ஓடும் உத்திரமான கர்டரை இறக்கி, தூணை நீட்டி, மறுபடியும் அதை அந்தத் துல்லியத்துக்குக் கொண்டுவருவதற்குள் மாதக்கணக்கில் ஆகும். கிரேன் நின்றால் ஷெட் நின்ற மாதிரி. எங்கள் பக்கத்தில் பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்திருக்கும். கூரை வேலை எதுவானாலும் அந்தச் சமயம் பார்த்து முடித்துக்கொள்வோம். வருடத்துக்கு 72 கேட்கிற இடத்தில் அப்படி மந்தமான மாதம் எங்கே கிடைக்கும்?

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. உயர்த்திய பிறகும் அதே நாலு ராக்கெட்தான் நிற்கும். நாலு இடம், ராக்கெட்டுக்கு 40 நாள் என்றால் வருடத்துக்கு 36-தான். கூரை 80-ல் இருந்தாலும் 180-ல் இருந்தாலும் கணக்கு மாறாது. எண்ணிக்கையைக் கூட்ட இரண்டே வழி: நிற்கும் இடத்தைக் கூட்டு, அல்லது நிற்கும் நாளைக் குறை. பையன்கள் கொண்டுவந்த தாளில் உயரத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது, நாளுக்கு ஒரு வரி கூட இல்லை. வெல்டிங் சோதனை, வயரிங், குழாய் பொருத்துதல் போன்ற வேலைகளைத் துண்டுகளாக இருக்கும்போதே பக்கத்துத் தாழ்ந்த ஷெட்டில் முடித்துவிட்டு, உயர்ந்த ஷெட்டில் கோப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் 40 நாள் 20 ஆகலாம். அப்படி ஆகிவிட்டால் அதே நாலு இடத்தில் 72 வந்துவிடும், ஒரு தூண்கூட நடாமல். எல்லா வேலையையும் அப்படி வெளியே தள்ள முடியாது என்பது வேறு விஷயம். ஆனாலும் முதலில் தட்டிப்பார்க்க வேண்டிய கதவு இதுதான்.

நீலகிரியின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் ஏன் மூன்று நாலு மாடி உயரம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இலையை வாட்டுவதற்குப் பரந்த மாடி வேண்டியிருந்தது. மேலே பரப்பி வாட்டி, கீழே உருட்டி, இன்னும் கீழே உலர்த்தி அனுப்புவார்கள். மின்விசிறி வைத்த வாட்டுத் தொட்டி வந்ததும் அதே இலையை ஒரே தளத்தில் கனமாகக் கொட்டி வாட்ட முடிந்தது. மாடி தேவைப்படாமல் போனது. புதிதாகக் கட்டிய தொழிற்சாலைகள் தாழ்ந்தே கட்டப்பட்டன. வேலை செய்யும் முறையை மாற்றினால் கட்டடத்தின் உயரமே மாறும்.

ராக்கெட்டில் அந்த மாற்றம் எங்கே வரும்? கடைசி மூட்டில். எந்த இடத்தில் கடைசியாகப் பூட்டுகிறோமோ, அதுதான் ஷெட்டின் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

டெக்ஸாஸில் ஸ்பேஸ்எக்ஸ் தளத்தைப் பாருங்கள். அவர்களின் ஸ்டார்ஷிப் ராக்கெட் முழுதாக நின்றால் 120 மீட்டருக்கு மேல். ஆனால் அவர்கள் கட்டிய முதல் உயர்ந்த ஷெட், ஹை பே, 81 மீட்டர்தான். உள்ளே கோக்கப்பட்டது கீழ்ப்பாதியான பூஸ்டர். அது சுமார் 71 மீட்டர். மேல்பாதியை ஏவுமேடையில், கோபுரத்தின் இரண்டு பெரிய கைகள் தூக்கி பூஸ்டரின் தலையில் உட்கார வைக்கின்றன. அடுத்துக் கட்டும் கிகாபே என்ற ஷெட்டின் அறிவிக்கப்பட்ட உயரம் 380 அடி, அதாவது 116 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை பெரிய கட்டடத்துக்குள்ளும் முழு ராக்கெட் நிற்காது! நிற்கவைக்கும் எண்ணமே இல்லை. உள்ளே 24 பணியிடங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டுவது முக்கியமாக எண்ணிக்கையைத்தான்.

81-க்கும் 71-க்கும் நடுவே இருக்கும் அந்தப் பத்து மீட்டரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர்கள் கோக்கும் விதம் மேலிருந்து கீழ். மேல் துண்டைக் கிரேன் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த துண்டை அதன் அடியில் உருட்டிவந்து, மேல் துண்டை அதன்மேல் இறக்கி, சுற்றிவர வெல்டிங். பிறகு மொத்தத்தையும் மறுபடி தூக்கி, அடுத்த துண்டு. ஆக, கடைசித் தடவை முழு நீளமும் கொக்கியில் தொங்கும். கீழே நிற்கும் ஸ்டாண்டு, மேலே தூக்கும் கயிறு (ஸ்லிங்), கொக்கி, கிரேன், அதற்கு மேல் கூரைச் சட்டம் எல்லாமே அந்தப் பத்து மீட்டருக்குள் அடங்க வேண்டும். ராக்கெட் இரண்டு மூன்று மீட்டர் வளர்ந்தாலே இடம் போதாது. அடுத்து வந்த மெகா பே ஷெட்டுகளை நூறு மீட்டரை நெருங்கக் கட்டியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஷெட் போடுகிறவனிடம் யாராவது கூரை உயரம் சொன்னால், கொக்கி உயரம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்க வேண்டும். தேயிலை மெஷினுக்கும் அதே கேள்விதான்.

நாசா இதற்கு நேர் எதிர். நிலவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் சுமார் 111 மீட்டர். அதை முழுதாக, அதுவும் நகரும் ஏவுமேடையோடும் கோபுரத்தோடும் சேர்த்து உள்ளேயே நிற்கவைத்து, மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போல ஊர்ந்து போகும் வண்டியில் வெளியே கொண்டுபோனார்கள். நான் முன்பு சொன்ன அந்த ஃப்ளோரிடா கட்டடத்தின் கதவே 139 மீட்டர் உயரம். முழுதாகத் திறக்க 45 நிமிடம். 1966-ல் முடிந்த அந்தக் கட்டடத்தில்தான் இன்றைக்கும் 98 மீட்டர் எஸ்.எல்.எஸ். ராக்கெட் பொருத்தப்படுகிறது. வெளிக்கூட்டைத் தொடாமல், ஒரு பகுதியில் பழைய மேடைகளை எடுத்துவிட்டுப் பத்து அடுக்குப் புதிய மேடைகள் போட்டுக்கொண்டார்கள். ஒரே தடவை தாராளமாகக் கட்டி வைத்தது அறுபது வருடம் ஓடுகிறது. ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு நாட்டின் கஜானா பின்னால் நின்றது. பையன்களின் கேள்வியில் வரும் தொழிற்சாலைக்கு அது கிடைக்காது.

நம் ஸ்ரீஹரிகோட்டாவில் இரண்டு முறையும் இருக்கிறது, அதனால் ஒப்பிடுவதற்கு அதுதான் நல்ல பாடம். முதல் ஏவுதளத்தில் பி.எஸ்.எல்.வி.யை ஏவுமேடையிலேயே பகுதி பகுதியாக அடுக்கி வந்தார்கள். சுற்றிலும் 76 மீட்டர் உயரத்தில் நகரும் கோபுரம். ஏவும் முன் அதைத் தண்டவாளத்தில் பின்னால் தள்ளிவிடுவார்கள். தனி ஷெட் வேண்டாம், நல்லதுதான். ஆனால் அடுக்கும் வாரங்கள் முழுக்க மேடை மாட்டிக்கொண்டது. 2005-ல் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாவது ஏவுதளத்தில் முறையை மாற்றினார்கள்: சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி 82 மீட்டர் உயரத்தில் வி.ஏ.பி. என்ற அசெம்பிளிக் கட்டடம். அங்கே முழுதாக அடுக்கி, நகரும் பீடத்தோடு தண்டவாளத்தில் மேடைக்கு. அந்த ஒரு கட்டடமும் போதாமல் போனபோது அதன் கூரையை உயர்த்தவில்லை. தள்ளி இரண்டாவது வி.ஏ.பி. கட்டினார்கள். ஒப்புதல் 2013-ல் கிடைத்தது. கட்டி முடிக்க அப்புறமும் சில வருடங்கள் ஆயின. பக்கத்தில் கட்டுவதன் ஒரே பெரிய பாதகம் இந்தக் காத்திருப்புதான். ஆனால் அந்த வருடங்களில் பழைய கட்டடத்தில் வேலை ஒரு நாளும் நிற்க வேண்டியதில்லை.

முதல் ஏவுதளத்துக்கும் இப்போது தனியாக ஒரு பொருத்தும் கூடம் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் போன பி.எஸ்.எல்.வி.-சி55-க்கு அதை முதல்முறையாகப் பயன்படுத்தினார்கள். கீழ் நிலைகள் இரண்டையும் அங்கே பொருத்திக் கொண்டுவந்து, மீதியை மேடையில் ஏற்றுவது. வருடத்துக்கு ஆறு என்றிருந்த திறனை 15 ஆக்குவது குறி. எந்தக் கூரையையும் உயர்த்தாமல், மேடையில் செய்துகொண்டிருந்த வேலையில் பாதியை வெளியே எடுத்தே இந்தக் குறியை வைத்திருக்கிறார்கள்.

இளையவன் இங்கே சரியாகப் பிடித்துக்கொண்டான். "அது எப்படி மாமா? அமெரிக்காக்காரன் கடைசி மூட்டை மேடைக்குக் கொண்டுபோறான், நம்ம ஆளுங்க மேடையிலிருந்து வெளியே எடுக்கறாங்க. ரெண்டும் எப்படிச் சரியாகும்?" நல்ல கேள்வி. ஸ்டார்ஷிப்பில் மேடைக்குப் போவது ஒரே ஒரு மூட்டு. வெல்டிங் கிடையாது, கோபுரத்தின் கைகள் தூக்கி வைத்துவிடும். பி.எஸ்.எல்.வி.யில் மேடையில் நடந்தது ஒவ்வொரு நிலையும், அதோடு போகும் சோதனைகளும். மேடையில் ஒரு மூட்டு மட்டும் என்றால் ஷெட்டின் உயரம் பெருமளவு மிச்சம். பல மூட்டு என்றால் மேடையே பட்டறையாகிவிடும், ஏவுதல் தள்ளிப்போகும். எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

எரிபொருள் எது என்பது அடுத்தது. இதைக் கேள்வியில் யாரும் குறிப்பிடவில்லை, ஆனால் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. திரவ எரிபொருள் ராக்கெட் என்றால் ஷெட்டில் இருக்கும்போது காலித் தொட்டி. மேடைக்குப் போன பிறகுதான் நிரப்புவார்கள். திட எரிபொருள் அப்படியில்லை. இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3-ன் பக்கவாட்டில் நிற்கும் எஸ்200 பூஸ்டர் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள். அச்சில் வார்த்து இறுகியபடியே ஷெட்டுக்குள் வருகிறது. அப்படிப்பட்ட கட்டடத்தைத் தொழிற்சாலையோடு ஒட்டிக் கட்ட முடியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊட்டி ரயிலில் வெலிங்டன் தாண்டினால் அரவங்காடு. அங்கே கார்டைட் பேக்டரி என்று எல்லோரும் சொல்லும் தொழிற்சாலை நூறு வருடத்துக்கு மேலாக, ஆங்கிலேயர் காலத்திலிருந்து, பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் உந்துமருந்து செய்துவருகிறது. வெடிமருந்து வேலையில் உலகம் முழுக்க ஒரே சட்டம்: ஒரே பெரிய கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைக்காதே. இத்தனை கிலோ மருந்துக்கு இத்தனை மீட்டர் தள்ளி என்று இடைவெளி, நடுவில் மண்மேடு, ஒரு கட்டடத்தில் இருக்கக்கூடிய ஆளுக்கும் மருந்துக்கும் உச்சவரம்பு. சமவெளி வாசிகள் இதை இட விரயம் என்று நினைக்கலாம். அரவங்காட்டில் வேலை பார்த்த குடும்பத்தில் யாரையாவது கேட்டால் அந்த இடைவெளி எதற்கென்று சொல்வார்கள். ஆகவே திட எரிபொருள் ராக்கெட்டுக்கு, இருக்கிற ஷெட்டை ஒட்டி அகலப்படுத்தும் யோசனையை முதலிலேயே தாளிலிருந்து அடித்துவிடலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் இரண்டாவது வி.ஏ.பி. முதலாவதை ஒட்டி வராததற்கு இடவசதி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

சரி, படுக்கவைப்பது? ஷெட் இருபது முப்பது மீட்டர் போதும், காற்றுக் கவலை பறந்துவிடும், ஆட்கள் தரையருகில் நின்று வேலை செய்யலாம். 60 மீட்டர் உயரத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு ஸ்பானர் திருகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரஷ்யாவின் சோயுஸ் காலங்காலமாக இப்படித்தான் ரயிலில் படுத்துக்கொண்டே மேடைக்குப் போகிறது. ஸ்பேஸ்எக்ஸின் 70 மீட்டர் ஃபால்கன் 9-ம் அப்படியே. எனக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்கு ராக்கெட் சம்மதிக்க வேண்டும். படுக்கும்போது நடுவில் வளையாத உடம்பு வேண்டும். நிமிர்த்தும் பெரிய தூக்கி வேண்டும். செயற்கைக்கோளும் பக்கவாட்டில் சாய்வதைத் தாங்க வேண்டும். நூற்றுக்கணக்கான டன் திட எரிபொருள் நிரம்பிய அடிப்பகுதியைப் படுக்கவைத்து முழு ராக்கெட்டாகப் பொருத்தி நிமிர்த்துவது வீண் வம்பு. ஸ்டார்ஷிப் போலச் சுமார் 4 மில்லிமீட்டர் தகட்டில் 9,000 மில்லிமீட்டர் விட்டம் என்றால், காலியாகப் படுக்கவைத்தால் தன் எடையிலேயே வட்டம் நசுங்கப் பார்க்கும். வளையத்தோடு வளையம் பொருந்தாது. இந்த வழி ஒல்லியான, திரவ எரிபொருள் ராக்கெட்டுக்கு. அதுவும் ராக்கெட்டை வடிவமைக்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு. நிற்கவைத்தே பழகிய ராக்கெட்டை ஷெட் போடுகிறவன் வந்து படுக்கச் சொல்ல முடியாது.

தூத்துக்குடிப் பக்கம் இஸ்ரோவின் புது ஏவுதளம் வரும் குலசேகரன்பட்டினத்தை உதாரணமாக எடுக்கலாமா என்றும் பையன்கள் கேட்டார்கள். அங்கிருந்து போகப்போகும் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர்தான். இந்த உயரப் பிரச்சினையே அங்கு கிடையாது. தாளில் சேர்த்தால் மதிப்பெண் வரலாம், விடை வராது.

மிச்சம் இருப்பது இடித்துக் கட்டுவது. கேட்டவுடன் வயிறு எரியும். ஆனால் டெக்ஸாஸில் அதையும் செய்தார்கள்: 2025-ல் அந்த 81 மீட்டர் ஹை பேயைப் பிரித்தெடுத்து, கிகாபேக்கு இடம் விட்டார்கள். எழுந்து நாலைந்து வருடம்கூட நிறைவாக ஆகாத கட்டடம். நான் இதை ஊதாரித்தனம் என்று சொல்லமாட்டேன். போல்ட் போட்டு எழுப்பிய இரும்புச் சட்டம் பிரித்தாலும் இரும்புதான். நாலு வருடம் அது கொடுத்த ராக்கெட்டுகளில் கற்றுக்கொண்டதுதான் அடுத்த ஷெட்டின் அளவைச் சொன்னது. முக்கியம், பிரித்தபோது பக்கத்தில் இரண்டு மெகா பேக்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றிலும் சதுப்பும் வனவிலங்குக் காப்பிடமும் கடற்கரையும் இருக்கும்போது பக்கவாட்டில் போக எத்தனை இடம் கிடைத்துவிடும்? நிலம் இருந்தால் இடிக்கக் காரணம் இல்லை.

ஆக, பையன்களின் தொழிற்சாலைக்கு நான் சொன்னது இது. ராக்கெட் திரவ எரிபொருள், உடல் பருமன், நிற்கவைத்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் கட்டடமே வேண்டாம். துண்டு நிலையில் முடிக்கக்கூடிய வேலையைத் தாழ்ந்த ஷெட்டுக்கு இறக்கி 40 நாளை 30-க்குக் கொண்டுவந்தால் அதே நாலு இடத்தில் 48 வந்துவிடும். அதே சமயம் பக்கத்தில் மூன்றாவது ஷெட்டுக்குப் பைல் இறக்கலாம். நாலு இடம், கொக்கி உயரம் புது ராக்கெட்டின் மிக நீளமான ஒற்றைப் பகுதிக்கு மேல் தாராளமாக இருபது மீட்டர். முழு ராக்கெட்டும் நிற்க வேண்டாம். ஒரு மூட்டை மட்டும் மேடைக்கு விடலாம், மேடையில் அதைத் தூக்க வழி இருந்தால். புது ஷெட் ஓடத் தொடங்கினால் எட்டு இடம், 30 நாள் என்று 97 வரை கணக்கு வரும்; கேட்ட 72-க்கு மேல் இருக்கும் மிச்சம் கிரேன் பழுது, புயல் எச்சரிக்கை, வெல்டிங் மறுவேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து. பழைய இரண்டும் நீள ராக்கெட்டுக்குப் பற்றாது என்றால் அதில் மேல்பாதியை மட்டும் பொருத்தலாம், அது எப்படியும் குட்டை. ஒரு பழைய ஷெட்டைப் பிரிப்பது பற்றி அதற்கப்புறம் பேசலாம், நிலம் தீர்ந்துபோனால் மட்டும்.

இதே ராக்கெட் திட எரிபொருள் என்றால் மூன்றாவது ஷெட் எங்கே என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. பாதுகாப்பு இடைவெளி அட்டவணையும் மண் ஆய்வு அறிக்கையும் சொல்லும். அந்த இரண்டும் கையில் வரும்வரை வரைபடத்தில் தூண் புள்ளி வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மூத்தவன் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தான், பென்சிலில்.